நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

படிவம் 5-இல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் பாட்டியைக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். கேமரன்மலையில், ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர் அவர். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். சந்தை மலாய் ஓரளவு வரும். எழுத்துக்கூட்டிப் படிக்க எந்த மொழியிலும் வராது. அதனால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் மொழிபெயர்க்க நான்தான் போவேன். தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலருக்கு இந்த வேலை பழக்கமானதுதான்.

அன்று பாட்டிக்குக் கண் அரிப்பு. கண்கள் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மலாயில் மூன்று வாக்கியங்கள் சொன்னார். இரண்டு வாரம் மட்டும் போட வேண்டும். பிறகு மீண்டும் வந்து காட்ட வேண்டும். நீங்களாகவே வாங்கித் தொடரக் கூடாது.

எனக்கு அன்று மாலை எஸ்.பி.எம். கூடுதல் வகுப்பு. மனம் அங்கே இருந்தது. பாட்டியிடம் இப்படிச் சொன்னேன்: "ரெண்டு வாரத்துக்குப் போடச் சொல்றாங்க பாட்டி. சரியாப் போயிரும்."

மூன்றில் ஒன்றைத்தான் சொன்னேன். அதையும் பாதியாகச் சொன்னேன்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. நான்கே நாளில் அரிப்பு நின்றது. இரண்டு வாரம் கழித்து பாட்டிலும் காலியானது. சில வாரங்களில் அரிப்பு திரும்பி வந்தபோது, பாட்டி அந்தக் காலி பாட்டிலை ஒரு கடையில் காட்டினார். அவர்களும் அதே மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். மருத்துவர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. அது தீர்ந்ததும் இன்னொன்று, அதுவும் தீர்ந்ததும் மற்றொன்று. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கண் உறுத்தியபோது, "இதைப் போட்டுப் பாரு, நல்ல மருந்து" என்று பாட்டி கொடுத்திருக்கிறார். இப்படியே ஒன்றரை ஆண்டு போனது. நான் அதற்குள் பல்கலைக்கழகத்திற்கு வந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு தவணை விடுமுறையில் வீட்டுக்குப் போனபோதுதான் கவனித்தேன். பாட்டி தேநீரைக் குவளைக்கு வெளியே ஊற்றினார். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். வீட்டுக்குக் கீழே இறங்கும் படியில் ஒரு படியைத் தவறவிட்டு விழப் பார்த்தார். "வயசாச்சு கண்ணு, தேய்மானந்தான்" என்றார். கிளினிக்கில் பார்த்தவர்கள் உடனே ஈப்போவில் உள்ள கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். கண்ணின் உள் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டும். பாட்டியின் இடக்கண்ணில் 38, வலக்கண்ணில் 29.

என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார் மருத்துவர். "வெள்ளை பாட்டில், நீல மூடி" என்றார் பாட்டி. அவருடைய கைப்பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தேன். பெயரைப் படித்த மருத்துவர், எவ்வளவு காலமாக என்று கேட்டார். ஒன்றரை ஆண்டு என்ற பதிலையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

அது டெக்சாமெத்தாசோன் கலந்த சொட்டு மருந்து. ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. பாட்டியின் இடக்கண் நரம்பு பெருமளவு கெட்டுவிட்டது. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காக்க வாழ்நாள் முழுதும் வேறு சொட்டு மருந்து போட்டு வருகிறார்.

நண்பர்களே, மருந்துக்குப் பயப்படச் சொல்ல நான் இதை எழுதவில்லை. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும், அதை எத்தனை நாள் போட வேண்டும் என்பதையும், அது செய்யக்கூடிய தீங்கையும் தெரிந்துகொள்வது நம் தலைமுறையின் கடமை என்று சொல்லவே எழுதுகிறேன். நான் மருத்துவ மாணவி அல்ல, கணக்கியல் படிக்கிறேன். இந்தச் சம்பவத்திற்குப் பிறகு மருந்தாளர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

கண்ணுக்குள் நடந்தது என்ன?

நம் கண்ணுக்குள் ஒரு வகை நீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. சுரக்கும் நீர், கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற ஒரு திசு வழியாக வடிந்து வெளியேறுகிறது. ஸ்டீராய்டு அந்தச் சல்லடையை மெல்ல அடைக்கிறது. நீர் வடியாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பின்னால் உள்ள பார்வை நரம்பை நசுக்குகிறது. இதைத்தான் கிளௌகோமா, அதாவது கண் அழுத்த நோய் என்கிறோம்.

எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து போட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்து பேர் அளவில் மிக அதிகமாக ஏறும். குடும்பத்தில் யாருக்காவது கிளௌகோமா இருந்தால் ஆபத்து கூடும். சிறு பிள்ளைகளுக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

இதில் கொடுமை என்னவென்றால், வலி இருக்காது. முதலில் போவது ஓரப் பார்வை. நேரே பார்ப்பது தெளிவாகத் தெரிவதால், போனது யாருக்கும் தெரியாது. அரிப்பும் நின்றுவிடுவதால் 'மருந்து நன்றாகக் கேட்கிறது' என்ற நம்பிக்கை வேறு. சறுக்கும் மலைச்சரிவில், தேயிலை வரிசைகளுக்கு இடையே இறங்கி ஏறுகிற ஒருவருக்கு ஓரப் பார்வை போவது என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. அறுவை சிகிச்சைக்குப் பின் கண்ணைக் காப்பதும் அதுதான். கடுமையான அழற்சியில் பார்வையைக் காப்பாற்றுவதும் அதுதான். மருத்துவர் கண் அழுத்தத்தை அளந்துகொண்டே கொடுக்கும்போது அது துணை. அளப்பாரின்றி மாதக் கணக்கில் போகும்போதுதான் வினை.

மாத்திரையும் கண்ணைத் தொடும்

கண்ணில் விடும் மருந்துதான் கண்ணைப் பாதிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. வாயால் விழுங்கும் சில மருந்துகளும் கண்ணைத் தாக்கும்.

காசநோய்க்குக் கொடுக்கும் எத்தம்பியூட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும். சிவப்பும் பச்சையும் குழம்புவது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. சீக்கிரம் கண்டுபிடித்து மருத்துவர் அதை நிறுத்தினால் பலருக்குப் பார்வை மீளும். மூட்டு நோய்க்கும் லூப்பஸ் நோய்க்கும் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுவின் பல ஆண்டுகளில் விழித்திரையைக் கெடுக்கலாம்; அதனால்தான் அதை உட்கொள்பவர்களை ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

மிகக் கடுமையானது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். 1922-இல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள், காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் கண்ட இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெரும்பாலும் ஒரு மருந்தைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் இது வரும். வலிப்பு நோய்க்கான கார்பமாசெப்பின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினோல், சில எதிருயிரிகள், சில வலி நிவாரணிகள் ஆகியவை அடிக்கடி பேசப்படும் காரணங்கள். தோல் தீக்காயம் போல உரியும். உயிர் பிழைத்தாலும் இமையின் உட்புறம் தழும்பேறி, கண் வறண்டு, கருவிழி மங்கிப்போகலாம்.

இது மிக அரிதான நோய். ஆனாலும் நம் வட்டாரத்திற்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாசெப்பினால் இந்நோய் வரும் ஆபத்து மிக அதிகம் என்று 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அவர்கள் சோதித்த 44 நோயாளிகள் அனைவரிடமும் அது இருந்தது. ஆசியர்களிடையே இந்த மரபணு கூடுதலாகக் காணப்படுகிறது. இந்தியர்களிடமும் இதே தொடர்பு உண்டு என்று மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு 2014-இல் காட்டியது. மருந்து தொடங்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் இதைத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது முதன்முறையாக அந்த மருந்தை எழுதினால், "இந்தப் பரிசோதனை தேவையா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

இந்நோயால் இரு கண்ணும் போனவர்களுக்குச் சென்னை சங்கர நேத்ராலயாவில் ஓர் அரிய அறுவை சிகிச்சை செய்கிறார்கள். நோயாளியின் பல் ஒன்றைச் சுற்றியுள்ள எலும்போடு எடுத்து, அதில் சிறு வில்லையைப் பொருத்தி, கண்ணில் பதிக்கிறார்கள். இத்தாலியில் 1960-களில் உருவான முறை இது. கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் ஒரு மாத்திரையால் வந்த இழப்பை ஈடுசெய்ய எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதையும் இது சொல்கிறது.

யாரும் சொல்லாததால் நீண்ட துயரம்

'நம் பாட்டிக்கு வந்ததை யாரிடம் போய்ச் சொல்வது, சொல்லி என்ன ஆகப்போகிறது?' என்று நாம் விட்டுவிடுகிறோம். அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் இருக்கிறது.

1970-இல் பிராக்டலோல் என்ற இதய நோய் மாத்திரை அங்கே விற்பனைக்கு வந்தது. நல்ல மருந்து என்று பலருக்கும் எழுதினார்கள். அதை உட்கொண்ட சிலருக்குக் கண் வறண்டது, சிவந்தது, தழும்பேறியது. சிலர் பார்வையை இழந்தார்கள். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1964 முதலே அங்கே மஞ்சள் அட்டைத் திட்டம் இருந்தது. ஆனாலும் இதய மாத்திரைக்கும் வறண்ட கண்ணுக்கும் தொடர்பு இருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தோன்றவில்லை. பீட்டர் ரைட் என்ற லண்டன் கண் மருத்துவர் தம் நோயாளிகள் உட்கொள்ளும் மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1974, 1975 ஆண்டுகளில் அதை வெளிப்படுத்தினார். அதன் பிறகுதான் 'எனக்கும் இப்படித்தான்' என்ற அறிக்கைகள் குவிந்தன. மருந்தும் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. மருந்துகளின் பாதகமான விளைவுகளை ஆராயும் மாட்ராக் குழு 1987-இல் அமைக்கப்பட்டது. 1990-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் மலேசியா 30-ஆவது நாடாகச் சேர்ந்தது. மருத்துவர்கள் மட்டுமல்ல, நம்மைப் போன்ற பயனீட்டாளர்களும் கோன்செர்ஃப் என்ற பாரத்தை நிரப்பி, என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திற்கு அனுப்பலாம். பாட்டிக்காக நான் அதை நிரப்பினேன். மருந்தாளர் ஒருவர் உதவினார். அது யார் மீதும் போடும் வழக்கு அல்ல. அடுத்தவருக்கு விடும் எச்சரிக்கை.

மொழி ஒரு மருத்துவப் பிரச்சினை

'போ' தோட்டம் 1929-இல் தொடங்கிய காலத்திலிருந்து கேமரன்மலைத் தேயிலையில் தமிழர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. இன்று தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் நிறைய பேர் வேலை செய்கிறார்கள். மருந்து உறையில் இருப்பதைப் படிக்க முடியாத கண்கள் அங்கே இன்னும் பல. வயதானவர்கள் மருந்தை நிறத்தாலும் மூடியாலும் அடையாளம் காண்கிறார்கள். காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள். கம்பெனி மாறி நிறம் மாறினால் எல்லாமே குழப்பம்.

சுகாதார அமைச்சு 2007 முதல் 'உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்' என்ற இயக்கத்தை நடத்தி வருகிறது. பயனீட்டாளருக்கான மருந்துத் தகவல் தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் என்.பி.ஆர்.ஏ. அகப்பக்கத்தில் கிடைக்கின்றன. நல்ல முயற்சி. என் கோரிக்கை இதுதான்: அதிகம் பயன்படும் மருந்துகளுக்காவது அந்தத் தாள்கள் தமிழிலும் சீனத்திலும் வரட்டும். 'இத்தனை நாள் மட்டும்', 'நீங்களாகத் தொடராதீர்கள்' என்ற இரண்டு வரிகளைத் தமிழில் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒன்று இருந்தாலே போதும். என்னைப் போன்ற அவசரக்காரப் பேத்திகளை நம்பி ஒரு பாட்டியின் கண் இருக்க வேண்டியதில்லை.

மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்தைச் சீட்டின்றி விற்பவர்களும் யோசிக்க வேண்டும். பத்து வெள்ளி வியாபாரம்தான். ஆனால் விலை அதைவிடப் பெரியது.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது என் மாமா கேட்டார்: "பக்கவிளைவு பக்கவிளைவுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா யாரு மருந்து சாப்பிடுவா?" நியாயமான கேள்வி. பயத்தில் மருந்தை நிறுத்துவதும் ஆபத்துதான். நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே கேடு வரலாம். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் நோய் முன்பைவிட முரடாகத் திரும்பும். மருந்துக்குப் பயந்து நாட்டு மருந்துக்கு ஓடினாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்படும் பதிவில்லாத சில பொருள்களில் இதே டெக்சாமெத்தாசோன் கலக்கப்பட்டிருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆகவே மாமாவுக்கு என் பதில்: நாமாகத் தொடரவும் கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது. கேட்டுச் செய்ய வேண்டும். கேட்க வேண்டுமானால், மருந்தின் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளின் பெயரையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.

பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். எண்களுக்குப் பிறகு 'ஏ' என்ற எழுத்து வந்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. அப்படி ஒரு பதிவு எண்ணே இல்லாத மருந்தை வாங்காதீர்கள்.

சொட்டு மருந்தைத் திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதுங்கள். திறந்த ஒரு மாதத்தில், பொதுவாக அதை வீசிவிட வேண்டும். பெயரில் டெக்சாமெத்தாசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தாசோன் போன்றவை இருந்தால், எத்தனை நாள் என்று மருந்தாளரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒருவர் மருந்தை இன்னொருவர் போடக் கூடாது.

புதிய மருந்து தொடங்கிய வாரங்களில் காய்ச்சலோடு கண் சிவப்பு, வாய்ப்புண், தோல் தடிப்பு வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு மருந்து ஒவ்வாது என்று தெரிந்தபின், அதன் பெயர் எழுதிய ஒவ்வாமை அட்டையைக் கேட்டு வாங்கிப் பணப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மொழிபெயர்க்கப் போகிற தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்று. மருத்துவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை வாக்கியம் சொன்னாரோ அத்தனையையும் சொல்லுங்கள். பிறகு, "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பாட்டி" என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் ஆகும்.

பக்கத்து வீட்டு அக்காவையும் அடுத்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். அவருடைய கண் அழுத்தம் சரியாக இருந்தது. அந்த நீல மூடி பாட்டில் குப்பைக்குப் போனது.

பாட்டி என்னைத் திட்டவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு முறை ஈப்போவுக்குப் போகும்போதும், மருத்துவர் பேசி முடித்து நான் வாய் திறக்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்கிறார்.

"அவரு சொன்னதை முழுசாச் சொல்லு கண்ணு."